12 எச்.பி. தகட்டுக்குள் 14 எச்.பி. எஞ்சின்: ஒரு பழைய கப் கேடெட் 128-ஐச் சரிசெய்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிற்றூரில் நடந்தது இது. வண்டியின் உரிமையாளர் எழுபதைத் தாண்டியவர். வீட்டைச் சுற்றி 3 ஏக்கர் போல நிலம். கோடையில் புல் வெட்ட, வசந்தத்தில் காய்கறிப் பாத்தி உழ, பனிக்காலத்தில் வாசல் பாதையில் குவியும் பனியைத் தள்ள என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் இருந்தது ஒரே ஒரு கார்டன் டிராக்டர். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் செய்த கப் கேடெட் 128. அவர் அதைப் பழையதாகத்தான் வாங்கினார். அதற்கு முன் அது யாரிடம் இருந்தது, என்னென்ன வேலை நடந்தது என்று எந்தக் காகிதமும் கிடையாது.

கார்டன் டிராக்டர் நம் ஊரில் அதிகம் புழங்காத வண்டி என்பதால் இரண்டு வார்த்தை. புல் மட்டும் வெட்டும் சின்ன வண்டிக்கும் வயலில் ஓடும் டிராக்டருக்கும் நடுவில் இருப்பது இது. உட்கார்ந்து ஓட்டலாம், கலப்பை இழுக்கும், முன்னால் பனித்தகடு மாட்டலாம். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1947-இல் ஃபார்மால் கப் என்ற சிறிய பண்ணை டிராக்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு அதே கென்டக்கி மாநில லூயிவில் ஆலையில், அந்த டிராக்டரின் பின்பக்க கியர் அமைப்பை அடிப்படையாக வைத்தே கப் கேடெட்டைச் செய்யத் தொடங்கியது. 1961 மாடலாக வந்த முதல் வண்டியில் கோலர் நிறுவனத்தின் 7 எச்.பி. எஞ்சின். 128 என்ற மாடல் 1971 முதல் 1974 வரை வந்தது: 12 எச்.பி. கோலர் கே301 எஞ்சின், முன்னோக்கி மூன்று கியர். எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்கு விசை போவது பெல்ட்டில் அல்ல, இரும்புத் தண்டு வழியாக. ஐம்பது வருடம் கழித்தும் இவை ஓடுவதற்கு அந்தத் தண்டும் அந்த வார்ப்பிரும்பும்தான் காரணம். பழுதுபார்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வடிவமைத்த வண்டி இது. எந்த போல்ட்டையும் ஒரு ஸ்பானர் எட்டும்.

உரிமையாளரின் மகன் புதிய வண்டி வாங்கிவிடலாம் என்றார். அப்பாவுக்கு மனமில்லை. பனி விழும் முன் இதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டு, இலையுதிர் காலத் தொடக்கத்தில் என்னிடம் கொண்டுவந்தார்கள். சின்ன எஞ்சின் வேலையை நான் வார இறுதிகளில் செய்து வருகிறேன்.

வந்தபோது இருந்த நிலை

மூன்று குறைகள் சொன்னார்கள். ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் நீலப்புகை. சுமை ஏறினால் இழுவை இல்லை, கூடவே உள்ளே ஒரு தட்டல் சத்தம். கிளட்ச் விடும்போது வண்டி குதிக்கிறது. இதற்கு முந்தைய மாதங்களில் மகன் இணையத்தில் ஒரு மலிவு கார்புரேட்டர் வாங்கி மாட்டியிருந்தார். ஒன்றும் மாறவில்லை. அப்புறம் எஞ்சின் கவரில் ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்து, அதில் இருந்த கே301 என்ற பெயருக்கும் 47 என்று தொடங்கும் ஸ்பெக் எண்ணுக்கும் பொருந்தும் ரிங் செட் (பிஸ்டனைச் சுற்றிக் காற்றை அடைக்கும் வளையங்கள்), கேஸ்கெட் செட் எல்லாம் வரவழைத்து வைத்திருந்தார். நான் பார்க்கும்போது எல்லாம் உறை பிரிக்காமல் பெட்டியில் இருந்தன.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தது. ஆயில் குச்சியில் அடிக்கோட்டுக்கும் கீழே எண்ணெய். இந்த எஞ்சினில் அது பெரிய விஷயம். கோலர் கே வரிசையில் ஆயில் பம்ப் கிடையாது. பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் ஒரு சிறு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அது கீழே தேங்கிய எண்ணெயில் இறங்கி வாரி இறைக்கும், அவ்வளவுதான். அளவு குறைந்தால், அதுவும் சரிவில் ஓட்டினால், அந்த நாக்குக்கு எண்ணெய் எட்டாது. ராடு அலுமினியம். பேரிங் ஷெல் எதுவும் இல்லாமல் நேராக கிராங்க் பின்னின் மேல் சுழல்கிறது. எண்ணெய் இல்லாத சில நிமிடங்களில் அலுமினியம் உருகி இரும்புப் பின்னில் ஒட்டிக்கொள்ளும். தட்டல் சத்தம் என்று கேட்டதுமே என் சந்தேகம் அங்கேதான் போனது.

கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்க்கலாமே என்று மகன் கேட்டார். இந்த எஞ்சினில் அது பொய் சொல்லும். எளிதாக ஸ்டார்ட் ஆவதற்காக, மெதுவாகச் சுற்றும்போது எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கும் ஓர் அமைப்பு கேம் ஷாஃப்டில் இருக்கிறது. நல்ல எஞ்சினே குறைந்த அளவுதான் காட்டும். அதனால் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, ஃப்ளைவீல் நகராமல் பிடித்து, பிளக் துளை வழியாகக் காற்று ஏற்றிக் கசிவு எங்கே என்று காது கொடுத்தோம். சைலன்சர் பக்கம் லேசாக ஒரு சீறல், கார்புரேட்டர் பக்கம் அமைதி. எண்ணெய் ஊற்றும் துளையில் மட்டும் பலமாகக் காற்று வந்தது. ரிங்கு தாண்டிக் காற்று கீழே இறங்குகிறது. கார்புரேட்டரை மாற்றியது ஏன் பலிக்கவில்லை என்பது அத்தோடு தெரிந்துவிட்டது.

தகடு சொன்னதும் சிலிண்டர் சொன்னதும்

எஞ்சினை வண்டியிலிருந்து இறக்கி, சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனை வெளியே எடுத்தோம். சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடுகள், ஒன்றிரண்டில் நகம் மாட்டியது. அந்தக் கட்டத்தில், மைக்ரோமீட்டரை எடுக்கும் முன்னால், மகன் வாங்கி வைத்திருந்த ரிங் செட்டிலிருந்து ஒரு ரிங்கை எடுத்து வெறும் சிலிண்டருக்குள் இறக்கிப் பார்த்தேன். புது ரிங்கின் இரு முனைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று ஃபீலர் கேஜில் பார்ப்பது வழக்கமான சோதனை. 0.010 முதல் 0.020 அங்குலம் இருக்க வேண்டும். தேய்ந்த சிலிண்டரில் 0.030 வரை பொறுக்கலாம். இங்கே ஃபீலர் கேஜே தேவைப்படவில்லை. முனைகள் சேரவே இல்லை, நடுவில் சுண்டுவிரல் அகலத்துக்கு வெறும் சுவர் தெரிந்தது.

தேய்மானத்தால் அவ்வளவு பெரிய இடைவெளி வராது. கணக்குப் போட்டால், சிலிண்டர் துளையின் விட்டம் எட்டில் ஓர் அங்குலம் பெரிதாக இருந்தால்தான் சுற்றளவு அந்த அளவுக்குக் கூடும். டெலஸ்கோப்பிக் கேஜ் வைத்து அளந்தோம். தேயாத அடிப்பகுதியில் 3.500 அங்குலத்தை ஒட்டி வந்தது. கே301-இன் துளை 3.375. 3.5 அங்குலத் துளை 14 எச்.பி. கே321-க்கு உரியது.

அதாவது, இதற்கு முன் யாரோ ஒருவர் 14 எச்.பி. எஞ்சினைத் தூக்கி இந்த வண்டியில் வைத்திருக்கிறார். கே301-க்கும் கே321-க்கும் அடியில் மாட்டும் இடங்கள் ஒன்றே, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக்கும் 3.25 அங்குலம் என்று ஒன்றே. வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். மாற்றியவர் பழைய எஞ்சினின் கவரையே, தகட்டோடு, புதியதன் மேல் பூட்டிவிட்டார். நல்ல நிலையில் இருந்த கவர் என்பதால் அப்படிச் செய்திருக்கலாம். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் தகடு எஞ்சினில் இல்லை, கழற்றி மாட்டக்கூடிய தகரக் கவரில் இருக்கிறது என்பதை வாங்குபவர்கள் யோசிப்பதில்லை. இந்த வரிசை எஞ்சின் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் நான் சொல்ல நினைப்பது இதுதான்: பாகம் வாங்கும்போது தகட்டை நம்பாதீர்கள், துளையை அளந்துவிட்டு வாங்குங்கள். 3.25 என்றால் கே241, 3.375 என்றால் கே301, 3.5 என்றால் கே321, 3.75 என்றால் கே341. நான்கு எண்கள், ஒரு ஹெட்டைக் கழற்றும் நேரம்.

உள்ளே இருந்தவை

துளையின் மேற்பகுதியில், ரிங்கு ஏறி இறங்கும் இடத்தில், 3.506 வரை தேய்ந்திருந்தது. 3.503-ஐத் தாண்டினால் துளையைப் பெரிதாக்க வேண்டும் என்பது கையேட்டின் அளவு. புது ரிங்கு மட்டும் போட்டு மூடிவிடும் வழி அங்கேயே அடைபட்டது.

கிராங்க் பின்னில் எதிர்பார்த்தபடியே அலுமினியம் வெள்ளித்திட்டாக ஒட்டியிருந்தது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுத் தொட்டு வைத்தால் அலுமினியம் நுரைத்துக் கரையும், இரும்பு நிற்கும். திறந்த வெளியில், கையுறை, கண்ணாடி போட்டுச் செய்ய வேண்டிய வேலை. முடிந்தவுடன் சோடா உப்புத் தண்ணீரால் கழுவி எண்ணெய் தடவிவிட வேண்டும், இல்லையென்றால் மறுநாளே துரு. சுத்தம் செய்து அளந்தால் 1.500 அங்குலம் இருக்க வேண்டிய பின், ஒரு திசையில் 1.499, குறுக்கே 1.4975. வட்டம் கெட்டிருந்தது. 0.0005-க்கு மேல் வட்டம் கெட்டால் அரைக்க வேண்டும். இது மூன்று மடங்கு.

இன்னொன்றும் இருந்தது: பேலன்ஸ் கியர்கள். ஒற்றைச் சிலிண்டர் அதிர்வைக் குறைக்க, பெரிய கே வரிசை எஞ்சின்கள் பலவற்றில் கிராங்க்கோடு சேர்ந்து சுற்றும் இரண்டு எடை கியர்கள் உண்டு. அவை ஊசி பேரிங்கில் சுற்றுகின்றன. பல பத்தாண்டு ஓடிய எஞ்சினில் அந்த பேரிங் உடைந்தால், கியர் கழன்று கிராங்க்கில் மாட்டி, எஞ்சினின் உடலான பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். பிளாக் போனால் எஞ்சின் போனது. நாங்கள் பார்த்தபோது உடையவில்லை, ஆனால் ஒரு கியரைக் கையால் அசைத்தால் ஆடியது.

முடிவுகள், அவற்றின் காரணங்கள்

முதல் கேள்வி, செய்வதா விடுவதா. மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். இதே திறனில், உழவும் பனி தள்ளவும் தாங்கும் புதிய வண்டி பல ஆயிரம் டாலர். பெரிய கடைகளில் மலிவாகக் கிடைப்பது புல் வெட்டும் வண்டி. அதன் கியர்பாக்ஸ் கலப்பை இழுக்கச் செய்ததல்ல. இந்த வண்டியின் கியர்பாக்ஸும் பின் அச்சும் நல்ல நிலையில் இருந்தன. எண்ணெயை வடித்துப் பார்த்ததில் இரும்புத்தூள் இல்லை. செலவு முழுக்க எஞ்சினிலும் கிளட்சிலும்தான். செய்யலாம் என்று மகனே சொன்னார்.

அடுத்தது, மீண்டும் 12 எச்.பி. எஞ்சினைத் தேடி மாற்ற வேண்டுமா என்பது. அசல் நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் உண்டு, கண்காட்சிக்குக் கொண்டுபோகும் வண்டி என்றால் எனக்கும் அதில் உடன்பாடுதான். இது உழைக்கும் வண்டி. வண்டியின் சட்டமும் கியரும் 14 எச்.பி.யைத் தாங்கும், அதே காலத்தில் வந்த 149 மாடலில் அதே அமைப்புச் சட்டத்தில் ஆலையே கே321-ஐ வைத்தது. இருப்பதையே கட்டுவது என்று முடிவானது.

துளையை எந்த அளவுக்குப் பெரிதாக்குவது? பிஸ்டன்கள் 0.010, 0.020, 0.030 என்று மூன்று மிகை அளவில் வரும். 3.506 தேய்மானம் என்றால் கணக்குப்படி 3.510 போதும் போலத் தெரியும். ஆனால் போரிங் பட்டறைக்காரர் கோடுகளின் ஆழத்தைப் பார்த்துவிட்டு, 0.010-இல் சுவர் சுத்தமாகாது, ஒரு பக்கம் கோடு நிற்கும் என்றார். 0.020-க்குப் போனோம். பின்னாளில் இன்னொரு முறை, 0.030-க்கு, இடம் மிச்சம் இருக்கிறது. கிராங்க் பின்னை 1.490-க்கு அரைத்து, அதற்கேற்ற 0.010 குறை அளவு ராடு போடுவது என்று வைத்துக்கொண்டோம்.

பேலன்ஸ் கியர்களைக் கழற்றிவிட்டோம். இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆலை வைத்ததை எடுக்கக் கூடாது என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதிர்வு கொஞ்சம் கூடத்தான் செய்யும். புது பேரிங் போட்டு, கியர்களைக் குறி பார்த்துப் பொருத்தவும் செய்யலாம். ஆனால் ஆபத்தையும் பலனையும் எடை போட்டால், கொஞ்சம் அதிர்வைப் பொறுத்துக்கொண்டு பிளாக்கைக் காப்பாற்றுவதே மேல் என்பது என் தீர்மானம். உரிமையாளரிடம் இரண்டையும் சொன்னேன். எடுத்துவிடுங்கள் என்றார்.

பாகம் தேடிய வழிகள்

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1981-இல் கப் கேடெட் பிரிவை எம்.டி.டி. நிறுவனத்துக்கு விற்றது. 2021-இல் எம்.டி.டி. முழுவதும் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கரின் கைக்குப் போனது. இத்தனை கை மாறியும் பழைய பாக எண்கள் சாகவில்லை. அந்தக் காலத்து எண்ணின் முன்னால் ஐ.எச். என்று இரண்டு எழுத்தைச் சேர்த்து இன்றைய கப் கேடெட் கடையில் கேட்டால், கிளட்ச் சாமான், பின்கள், சீல்கள் சில இன்னும் வருகின்றன. அதனால் தேடுவதற்கு முன் படம் போட்ட பழைய பாகப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு சாமானுக்கும் எண்ணை எழுதிக்கொண்டோம். பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரருக்குப் புரியாது, எண்ணைச் சொன்னால் ஒரு நிமிடத்தில் உண்டு இல்லை என்பார்.

பேரிங்குகளுக்கு டிராக்டர் கடைக்கே போக வேண்டியதில்லை. வளையத்தின் ஓரத்தில் எண் பொறித்திருக்கும், பேரிங் விற்கும் எந்தக் கடையிலும் அதே எண் கிடைக்கும், விலையும் குறைவு. ஆயில் சீலும் அப்படித்தான். உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றும் இருந்தால் போதும்.

பிஸ்டனும் ராடும்தான் நேரம் எடுத்தன. ஒரே சாமானுக்கு இரண்டு மூன்று விலையில் நகல்கள் கிடைக்கின்றன. கேஸ்கெட்டிலும் காற்று வடிகட்டியிலும் நகல் வாங்கினால் எனக்குப் பயமில்லை. ராடில் மட்டும் வாங்க மாட்டேன், ஏனென்றால் ராடு உடைந்தால் மற்ற எல்லாச் செலவும் அதோடு போகும். பழைய இருப்பில், உறை பிரிக்காத அசல் ராடு ஒன்று ஒரு பழைய எஞ்சின் கடைக்காரரிடம் கிடைத்தது. 0.010 குறை அளவு என்று உறையில் மட்டுமல்ல, ராடிலும் பொறித்திருக்கிறதா என்று படம் அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகே பணம் அனுப்பினோம்.

பிஸ்டன் கைக்கு வந்த பிறகே பிளாக்கைப் பட்டறைக்குக் கொடுத்தோம். வரிசையை மாற்றக் கூடாது. முதலில் துளையைப் பெரிதாக்கிவிட்டு அப்புறம் பிஸ்டன் தேடி, அந்த அளவு கிடைக்காமல் பிளாக்கை மூலையில் வைத்தவர்களை எனக்குத் தெரியும். பிஸ்டனைக் கையில் கொடுத்தால் பட்டறைக்காரர் அதை அளந்து அதற்கேற்றபடி துளைப்பார்.

தகட்டைப் பார்த்து வாங்கிய ரிங் செட்டை விற்றவர் திரும்ப எடுத்துக்கொண்டார். ரிங்கை நாங்கள் எண்ணெய் தொடாமல் வைத்துப் பார்த்தது அதற்கு உதவியது.

பழைய கார்புரேட்டரை உரிமையாளர் தூக்கிப் போடாமல் காபி டப்பாவில் வைத்திருந்தார். நல்ல காரியம். வார்ப்பிரும்புக் கோலர் கார்புரேட்டர் அது. கோளாறு ஒன்றே ஒன்று: த்ராட்டில் தண்டு துளையைத் தின்று, ஓரத்தில் காற்று நுழைந்தது. லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கிப் பித்தளைப் புஷ் இறக்கி, மிதவையையும் ஊசியையும் புதிதாகப் போட்டோம். மகன் வாங்கிய மலிவு நகலில் மெயின் ஜெட்டைத் திருகிச் சரிசெய்யும் ஊசி சரியாக உட்காரவில்லை, சுமையில் கலவை மாறிக்கொண்டே இருந்தது. பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலந்து வருவதால், பழைய ரப்பர் குழாய்கள் ஊறிப் பொடியாகின்றன. அவற்றையும் மாற்றினோம்.

கிளட்ச்

எஞ்சின் வெளியே இருக்கும்போதே கிளட்சையும் பார்த்துவிட்டோம். இந்த வண்டியில் ஃப்ளைவீலில் மூன்று பின் கொண்ட ஒரு தட்டு இருக்கிறது. அந்தப் பின்கள் கிளட்ச் டிஸ்கைச் சுழற்றுகின்றன. டிஸ்க்கின் இரு பக்கமும் இரண்டு இரும்புத் தட்டுகள் ஒரு தண்டில், பின்னால் பெரிய ஸ்பிரிங். அந்தத் தண்டின் மறுமுனை ஒரு கப்ளிங் வழியாக கியர்பாக்ஸில் சேர்கிறது. எல்லாம் ஸ்பிரிங் பின்களால் கோத்தவை. வருடக்கணக்கில் ஆடி ஆடி, பின் தேய்ந்து, தண்டின் துளை முட்டை வடிவமாகிவிடும்.

தண்டைக் கையில் எடுத்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கப்ளிங்கைத் திருப்பினால், கட்டைவிரல் அகலத்துக்கு டக்கென்று ஓடி நின்றது. வண்டி குதித்தது இந்த ஆட்டத்தால்தான். டிஸ்க்கும் கிட்டத்தட்ட இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. டிஸ்க், கிளட்சை விடுவிக்கும் பேரிங், பின்கள், கிளட்ச் மெதுவாகப் பிடிக்க உதவும் சிறு ஸ்பிரிங் என நான்கையும் எண் சொல்லி வாங்கினோம். கப்ளிங் துளையை வட்டமாகும்வரை பெரிதாகத் துளைத்து, அடுத்த அளவுப் பின்னை அடித்து இறக்கினோம். புதுத் தண்டு வாங்குவதும் ஒரு வழிதான். துளையின் அருகில் விரிசல் எதுவும் இல்லாததால் பழையதையே வைத்துக்கொண்டோம்.

பூட்டியது

ராடைப் பூட்டும்போது பார்க்க வேண்டியது, ராடிலும் அதன் தொப்பியிலும் உள்ள குறிகள் நேராகச் சேர்ந்து ஃப்ளைவீல் பக்கம் இருப்பது. மாற்றிப் போட்டால் எண்ணெய் வாரும் நாக்கு தப்பான திசையில் நிற்கும். ராடுக்கும் பின்னுக்கும் இடைவெளி 0.001 முதல் 0.002 வரை இருக்க வேண்டும், நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் இழை வைத்துப் பார்த்ததில் 0.0015 வந்தது.

வால்வுகளை அவற்றின் இருக்கையில் தேய்த்துப் பொருத்தி, குளிர்ந்த நிலையில் இன்டேக்குக்கு 0.008, எக்ஸாஸ்டுக்கு 0.018 இடைவெளி வைத்தோம். ஹெட் போல்ட்டுகளை ஒரே மூச்சில் இறுக்காமல், டார்க் ஸ்பானரில் குறுக்கும் நெடுக்குமாகப் படிப்படியாக 30 அடி-பவுண்டு வரை கொண்டுபோனோம். தீப்பொறியைத் தூண்டும் பாயிண்ட்டின் இடைவெளி 0.020. அதோடு விடாமல், ஃப்ளைவீலில் உள்ள குறி, அதைப் பார்ப்பதற்கான துளைக்கு நேரே வரும்போது பாயிண்ட் திறக்கிறதா என்று சோதனை விளக்கு வைத்துச் சரிசெய்தோம். தேய்ந்த கேமில் இடைவெளி சரியாக இருந்தும் டைமிங் தள்ளிப்போகும். ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே உடலாக இருக்கும் வண்டி இது. அதைக் கழற்றி பிரஷ் மாற்றியதால், மாட்டிய பிறகு ரெகுலேட்டரில் பேட்டரி முனையையும் ஜெனரேட்டர் முனையையும் ஒரு வயரால் நொடிப்பொழுது தொட்டு துருவத்தைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. செய்யாவிட்டால் சார்ஜ் ஆகாமல் போகலாம், ரெகுலேட்டர் கருகவும் கூடும்.

விளைவு

முதல் சாவியிலேயே பிடித்தது என்று சொல்ல முடியாது. மிதவைப் பாத்திரம் நிரம்பச் சற்று நேரம் ஆனது. பிடித்த பிறகு முதல் சில நிமிடம் புகை, பூட்டும்போது தடவிய எண்ணெய் எரிந்தது. அப்புறம் சுத்தம். தட்டல் இல்லை. அதிர்வு கூடியிருந்தது உண்மைதான், சும்மா ஓடும்போது ஹூட் லேசாக நடுங்கியது. வேகம் கொடுத்ததும் அது அடங்கியது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைச் சரிசெய்து உச்ச வேகத்தை நிமிடத்துக்கு 3600 சுற்றில் நிறுத்தினோம். முதல் 5 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எண்ணெயை மாற்றியபோது அடியில் மெல்லிய சாம்பல் நிறத் துகள் மட்டும் இருந்தது. ரிங்கு சுவரில் படியும் காலத்தில் அது இயல்பு.

நவம்பர் கடைசியில் முதல் பெரும் பனி விழுந்தது. பனித்தகடு மாட்டி முழுப் பாதையையும் இரண்டாம் கியரில் தள்ளியதாக உரிமையாளர் சொன்னார். கிளட்ச் குதிக்கவில்லை. வசந்தத்தில் பாத்தி உழுதபோது எண்ணெய் மட்டம் குறையவில்லை, பிளக் பழுப்பு நிறத்தில் இருந்தது. மொத்தச் செலவில் பாதிக்கு மேல் போரிங்குக்கும் கிராங்க் அரைத்ததற்கும் போனது. மொத்தமும் சேர்த்தாலும் புதிய வண்டியின் விலைக்கு வெகுதூரம்.

மாற்ற வேண்டியவை

இதே நிலையில் வேறொரு வண்டி வந்தால் எதையும் வாங்கும் முன் ஹெட் கழற்றப்பட வேண்டும். கசிவுச் சோதனை, துளை அளவு, பின் அளவு மூன்றும் கையில் வந்த பிறகே பட்டியல் எழுத வேண்டும். இந்த வீட்டில் கார்புரேட்டருக்குப் போன பணமும், ரிங்கைத் திருப்பி அனுப்பக் காத்திருந்த நாட்களும் மிச்சமாகியிருக்கும்.

போரிங் பட்டறையில் இடம் சொல்லி வைப்பதை முன்கூட்டியே செய்வேன். சின்ன எஞ்சினைத் துளைக்கும் பட்டறைகள் இந்தப் பகுதியில் குறைந்துகொண்டே வருகின்றன. இருப்பவர்களிடம் கார் பிளாக்குகள் வரிசையில் நிற்கின்றன. பிஸ்டன் வந்து சேரும் நாளுக்கும் பட்டறை காலியாகும் நாளுக்கும் பொருத்தம் பார்த்திருந்தால் அக்டோபரிலேயே முடிந்திருக்கும்.

எஞ்சின் கவரின் உள்பக்கத்தில், அழியாத மையால், கே321, துளை 3.520, பின் 1.490, பேலன்ஸ் கியர் இல்லை என்று எழுதியிருக்கிறோம். பிளாக்கின் பக்கவாட்டிலும் அதையே பொறி எழுத்தில் அடித்தோம், ஏனென்றால் கவர் மறுபடியும் மாறலாம். உரிமையாளருக்குப் பாக எண்களின் பட்டியல் தனியாக ஒரு நோட்டில்.

ஸ்டீயரிங் மட்டும் பாக்கி. ராஸ் வகைப் பெட்டி அது. உள்ளே திருகுப் பள்ளத்தில் ஓடும் முனை தேய்ந்து, சக்கரம் நகரும் முன் கைப்பிடி நன்றாகவே சுற்றுகிறது. வெளியில் உள்ள திருகை இறுக்கியதில் நேராகப் போகும்போது சரியானது. முழுக்க ஒடித்தால் இறுகுகிறது, பள்ளம் நடுவில் மட்டும் தேய்ந்திருப்பதன் அடையாளம் இது. அந்தத் திருகுத் தண்டுக்கு வேறொரு பழைய வண்டியைத்தான் தேட வேண்டும். எண்ணை எழுதி வைத்திருக்கிறோம், மகன் தேடிக்கொண்டிருக்கிறார்.